கடல் சூழ்ந்த ராமநாதபுரம் ஏன் காய்கிறது?

"தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்" என்று மேலதிகாரி மிரட்டினால், தமிழ்நாட்டில் பலருக்கும் சட்டென்று நினைவுக்கு வருவது ராமநாதபுரம்தான். இந்தப் பெயர் அந்த மண்ணோடு ஒட்டிக்கொண்டதில் எனக்கு வருத்தம் உண்டு. மழைக் கணக்கைப் பார்த்தால் அந்த வருத்தம் கூடும். மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழை 800 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. லண்டனுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 600 மி.மீ.தான். அங்கே புல்வெளி பச்சையாக இருக்கிறது. முதுகுளத்தூரிலும் கடலாடியிலும் சித்திரை பிறந்தால் கரிசல் பாளம் பாளமாக வெடிக்கிறது. கிழக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா என்று இரண்டு பக்கமும் கடல் இருந்தும் இந்த நிலை.

ஒரு குடும்பம் வசதியாக இருக்கிறதா என்று அதன் வருமானத்தை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது; செலவையும் பார்க்க வேண்டும். நிலத்துக்கும் அப்படித்தான். இங்கே திறந்து கிடக்கும் நீர்ப்பரப்பிலிருந்து ஆண்டுக்கு ஒன்றரை மீட்டர் உயரத்துக்கும் மேல் தண்ணீர் ஆவியாகிறது. பெய்வதுபோல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! ஒரு நாளைக்கு 5 மி.மீ. என்றே வைத்துக்கொள்வோம். ஓர் ஏக்கர் நீர்ப்பரப்பு ஒரே நாளில் 20,000 லிட்டரை இழக்கும். நூறு ஏக்கர் கண்மாய் என்றால் 20 லட்சம் லிட்டர், யாரும் மடையைத் திறக்காமலே. அந்த நூறு ஏக்கரும் ஆள் இடுப்பளவு ஆழம்தான் என்றால், பொங்கலுக்கு நிறைந்து கிடந்த கண்மாயில் கோடை முடிவதற்குள் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவதில் ஆச்சரியமில்லை.

இந்த ஆவியாதலுக்கு வெயில் பாதிக் காரணம். மீதி, காற்று. ஜூன் தொடங்கிச் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் கொட்டித் தீர்க்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறும்போது அந்தக் காற்று குளிர்ந்து, ஈரத்தை மலைச்சரிவிலேயே விட்டுவிடுகிறது. பிறகு கிழக்குப் பக்கம் இறங்குகிறது. இறங்கும் காற்று அழுத்தம் கூடுவதால் சூடாகும். ஒரு கிலோமீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 10 டிகிரி. சூடான காற்றுக்கு ஈரத்தை உள்வாங்கும் தாகம் அதிகம். தேனி, மதுரை வழியாக வந்து ராமநாதபுரத்தைக் கடக்கும் அந்த மேற்குக் காற்று, மழையைத் தராமல் இருப்பதோடு நிற்பதில்லை. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் இழுத்துக்கொண்டு கடலுக்குப் போகிறது. மீனவர்கள் இதைக் கச்சான் என்பார்கள். ஆடியில் தலைக்கு மேல் மேகம் ஓடும், தூறாது. காற்றைத் தடுத்து மேலே ஏற்ற இங்கே ஒரு குன்றுகூட இல்லை. தரை தட்டையாகவே கடல்வரை போகிறது. எதிர்க்கரையில் இலங்கையின் மன்னாரும் இதே மாதங்களில் இதே மாதிரிதான் காய்கிறது.

ஆக, ஆண்டின் மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையை நம்பி இருக்கிறது. அக்டோபரில் காற்று திசை மாறி, வங்கக்கடலின் மேல் நகர்ந்து ஈரம் ஏற்றிக்கொண்டு வடகிழக்கிலிருந்து வருகிறது. வெறும் காற்று மட்டும் வந்தால் பெரிய மழை இராது. மழையைத் தருபவை கடலில் உருவாகும் தாழ்வு நிலைகள். தொலைக்காட்சியில் "காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்" என்றதும் மாநிலம் முழுக்க மழை என்று நினைக்கிறோம். ராமநாதபுரத்துக்கு அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். வட அரைக்கோளத்தில் தாழ்வு நிலையைச் சுற்றிக் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். தாழ்வு நிலை குமரிக்கடல் பக்கம் இருந்தால் ராமநாதபுரம் அதன் வடக்கே அமையும். காற்று கடலிலிருந்து கரைக்கு வரும், மழை பிடித்துக்கொள்ளும். அதே தாழ்வு நிலை சென்னையை நோக்கிப் போனால் நாம் அதன் தெற்கே மாட்டிக்கொள்கிறோம். காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். சென்னையில் பள்ளி விடுமுறை, பரமக்குடியில் வெயில்.

வரும் மழையும் சீராக வருவதில்லை. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் பெய்தது. ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி! சராசரி என்ற எண் இதை மறைத்துவிடுகிறது. அந்த 40 செ.மீ.யில் பெரும்பகுதி தெருவில் தேங்கிக் கடலுக்குப் போனது.

இன்னொரு பக்கம், 2016இல் தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. அப்போது பசிபிக் பெருங்கடல் லா நினா பக்கம், அதாவது அதன் நடுப்பகுதி வழக்கத்தைவிடக் குளிரும் நிலைக்கு, சாய்ந்திருந்தது. அதே கடல் வழக்கத்தைவிடச் சூடேறுவது எல் நினோ. எல் நினோ என்றாலே வறட்சி என்று படித்திருப்போம். தென்மேற்குப் பருவத்துக்கு அது பெரும்பாலும் சரி. வடகிழக்குப் பருவத்துக்கு நேர்மாறு: எல் நினோ ஆண்டுகளான 1997, 2015 இரண்டிலும் இங்கே நல்ல மழை. ஆனாலும் இதைப் பிடித்துக்கொண்டு விதைக்க முடியாது. 2021இல் லா நினா இருந்தும் மழை கொட்டியது.

இந்த நிச்சயமின்மைக்கு ஊர்க்காரர்கள் கண்ட வழியை நான் மிகவும் மதிக்கிறேன். நாற்றங்கால் போட்டு நடுவதற்கு முதல் மழையைச் செலவழிப்பதில்லை. ஆவணி, புரட்டாசியில் காய்ந்த புழுதியிலேயே நெல்லை விதைத்துவிடுகிறார்கள். விதை மண்ணுக்குள் காத்துக்கிடந்து, முதல் நல்ல மழையில் முளைக்கும். சித்திரைக்கார், நொறுங்கன் போன்ற பழைய ரகங்கள் இந்தப் பாட்டைத் தாங்கியவை. தை அறுப்புக்குப் பிறகு வரும் வறண்ட வெயில், களத்தில் பரப்பிய குண்டு மிளகாயைக் காயவைக்கிறது. 2023இல் இந்தக் குண்டு மிளகாய்க்கு 'ராமநாதபுரம் முண்டு மிளகாய்' என்ற பெயரில் புவிசார் குறியீடு கிடைத்தது. வாலிநோக்கத்தில் உப்பு விளைவதும், கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016இல் வந்ததும் அதே வெயிலால்தான்.

கண்மாய்கள் இந்த மழையின் குணமறிந்து வெட்டப்பட்டவை. சில நாளில் கொட்டுவதைப் பிடித்து, பல மாதம் வைத்திருக்க வேண்டும். ஒன்று நிரம்பினால், மிஞ்சிய நீர் வழியும் கலுங்கு வழியே அடுத்ததுக்குப் போகும். வைகையே ராமநாதபுரம் பெரிய கண்மாயில்தான் வந்து சேர்கிறது. வரத்துக்கால் தூர்ந்து, உள்ளே சீமைக்கருவேல் மண்டி, வண்டல் ஏறிவிட்டால் கண்மாயின் ஆழம் குறையும். ஆனால் பரப்பு குறையாது. ஆவியாதல் பரப்பைப் பொறுத்தது. அதாவது இருப்பு குறைந்தும் செலவு குறைவதில்லை. தூர்வாரச் சொல்வதன் அறிவியல் இதுதான்.

கடற்கரையில் கதை வேறு. தனுஷ்கோடிப் பக்கம் மணலில் சின்னக் குழி தோண்டி, அடியில் கசிந்து நிற்கும் தண்ணீரைச் சிரட்டையால் அள்ளிக் குடத்தில் ஊற்றுவார்கள். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கும். ஊத்துத் தண்ணி இனிக்கும். மணலில் இறங்கிய மழைநீர், அடியிலுள்ள உப்புநீரைவிட எடை குறைந்தது என்பதால் அதன் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் இருக்கும். இந்தக் கணக்கு திரும்பியும் அடிக்கும்: இறைத்து இறைத்து மேல்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால், கீழிருந்து உப்புநீர் 40 மீட்டர்வரை மேலேறிவிடலாம். சிரட்டையால் மேலாக அள்ளினால் இந்தச் சமநிலை கெடாது. அதே மணலில் ஆழமாகக் குழாய் இறக்கி மோட்டார் போட்டால், சில காலத்திலேயே கரிக்கத் தொடங்குகிறது.