மாத்திரைக்குப் பின்னால் ஒளிந்திருந்த பிரஷர்

ராத்திரி ஷிப்ட் முடிந்து காலையில் வீடு திரும்பி, தூக்கத்துக்காக மெலடோனின் மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு படுப்பது அவருக்கு எட்டு மாதப் பழக்கம். வயது 34. அன்று மதியம் எழுந்தபோது நன்றாகத்தான் இருந்தார். சாப்பிட உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தால், வலது கை விரல்களில் பிடி நிற்கவில்லை. கை மரத்துப்போச்சு என்று சொல்லிவிட்டு மறுபடி படுத்துவிட்டார். மாலையில் மனைவி எழுப்பியபோது பேச்சு குழறியது. எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போது மணி ஏழு, பிரஷர் 190/110. மூளை ரத்தக்குழாய் அடைபட்டு வந்த பக்கவாதம்.

ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்த நேரம் படுக்கையிலேயே கழிந்திருந்தது. அடைபட்டது மூளையின் ஆழத்தில் இருக்கும் மெல்லிய ரத்தக்குழாய் என்பதால், குழாய் விட்டுக் கட்டியை எடுக்கவும் வழியில்லை.

மனைவி மாத்திரை டப்பாவை நீட்டினார். "இதனாலதான் வந்துச்சா டாக்டர்?"

மெலடோனின் நம் உடம்பிலேயே சுரப்பதுதான். இருட்டியதும் மூளைக்குள் இருக்கும் பினியல் சுரப்பி அதைச் சுரந்து, இரவாகிவிட்டது என்று உடம்புக்குச் சொல்கிறது. கண்ணில் வெளிச்சம் பட்டால் சுரப்பு குறையும். இந்த மாத்திரை பக்கவாதத்தை உண்டாக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. மூளையைக் காக்கும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அது பெரும்பாலும் எலிகளில் பார்த்த பலன். மனிதர்களிடம் நிரூபணமாகவில்லை. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம், ரத்தக்கசிவு கூடலாம்.

என் கவலை வேறு. எட்டு மாதமாகச் சரியான தூக்கம் இல்லாத ஒருவருக்கு, பக்கவாதத்துக்கு முக்கியக் காரணமான பிரஷரை ஒரு தடவைகூட யாரும் பார்க்கவில்லை. குறட்டை உண்டா என்று கேட்டேன். "அடுத்த ரூம் வரைக்கும் கேக்கும் சார். நடுவுல மூச்சே நின்ன மாதிரி ஆயிடும், நான்தான் தட்டி எழுப்புவேன்" என்றார் மனைவி. அப்புறம் செய்த தூக்கப் பரிசோதனையில், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் அப்னியா உறுதியானது. சாதாரணமாகத் தூங்கும்போது பிரஷர் 10 முதல் 20 சதவீதம் இறங்கும். மூச்சு அடைபட்டு அடைபட்டுத் திறக்கும் இவர்களுக்கு அது இறங்குவதில்லை, சில சமயம் ஏறவும் செய்யும். வேலை நேரமும் சேர்ந்துகொள்கிறது. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது.

ஆகவே தூக்கம் வரவில்லை என்று மருந்துக்கடைக்குப் போகிறவர்கள், முதலில் பிரஷரைப் பாருங்கள். குறட்டையைப் பற்றிப் பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள். வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ வயதைப் பார்க்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். தயவுசெய்து படுத்துப் பார்க்காதீர்கள்.

மூன்று மாதம் கழித்து அவர் வந்தார். இப்போது பகல் ஷிப்ட், தூங்கும்போது மூச்சுக்கு மெஷின், பிரஷருக்கு மாத்திரை. சட்டைப் பட்டன்களைத் தானே போட்டுக்கொண்டதாகச் சொன்னார். கழுத்துப் பட்டன் மட்டும் இன்னும் மனைவிதான் போட்டுவிடுகிறார்.