கேமிங் கணினியில் வேகத்தை இழுத்துப் பிடிப்பது எது?

ஒரு கேமிங் கணினியின் வேகத்தை வினாடிக்கு இத்தனை ஃபிரேம் (திரையில் வரும் ஒவ்வொரு முழுப் படம்) என்று எண்ணிச் சொல்வதே வழக்கம் என்றாலும், உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ள அந்தக் கணக்கைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பதுதான் வசதியானது. வினாடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிவினாடி, 144 ஃபிரேம் வேண்டுமென்றால் அந்த நேரம் 6.9 மில்லிவினாடியாகச் சுருங்கிவிடும். அதற்குள் பிராசஸர் விளையாடுபவரின் விசை அழுத்தங்களைப் படித்து, எதிரிகளின் நகர்வைத் தீர்மானித்து, பொருள்களின் மோதலைக் கணக்கிட்டு, திரையில் எதை எங்கே வரைய வேண்டும் என்ற கட்டளைப் பட்டியலைத் தயாரித்தாக வேண்டும். அந்தப் பட்டியலை வாங்கிக்கொண்டு ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் கணக்கிட்டு முடிப்பது கிராபிக்ஸ் கார்டின் வேலை.

இவ்விரண்டு வேலைகளும் ஒன்று முடிந்த பிறகு மற்றொன்று என்று நடப்பதில்லை. சித்தாள் அடுத்த வரிசைக்கான கல்லை எடுத்துவரும்போதே கொத்தனார் முந்தைய வரிசையைக் கட்டிக்கொண்டிருப்பதைப் போல, கிராபிக்ஸ் கார்டு ஒரு ஃபிரேமை வரையும் நேரத்தில் பிராசஸர் அடுத்த ஃபிரேமைத் தயாரிக்கிறது. எனவே ஒரு ஃபிரேமுக்கும் அடுத்த ஃபிரேமுக்கும் இடைப்பட்ட நேரம் இரண்டின் கூட்டுத்தொகை அல்ல, இரண்டில் பெரியது எதுவோ அதுவே. பிராசஸருக்கு 9 மில்லிவினாடியும் கிராபிக்ஸ் கார்டுக்கு 14 மில்லிவினாடியும் தேவைப்படும் காட்சியில் 14 மில்லிவினாடிக்கு ஒரு ஃபிரேம் வரும். பிராசஸரை மாற்றி 9 என்பதை 4 ஆக்கினாலும் அதே 14 மில்லிவினாடிதான். பாட்டில்நெக் என்று சொல்லப்படுவது இந்தப் பெரிய எண்ணுக்குக் காரணமான உறுப்பைத்தான், அதைத் தவறாக அடையாளம் கண்டவர் வாங்கும் புதிய உறுப்பு எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் திரையில் எந்த மாற்றமும் தெரியாது.

அடையாளம் காண்பதற்குப் பெரும்பாலோர் முதலில் திறப்பது விண்டோஸின் டாஸ்க் மேனேஜரை. அங்கே பிராசஸரின் பயன்பாடு 30 சதவீதம் என்று காட்டினால், பிராசஸர் ஓய்வாகத்தான் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். இந்த முடிவு பல நேரங்களில் தவறு. 8 கோர் (தனித்தனிக் கணக்கீட்டு மையம்), 16 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலைத்தொடர்) கொண்ட பிராசஸரில் ஒரே ஒரு த்ரெட் மூச்சுவிடாமல் உழைத்தாலும் மொத்தக் கணக்கில் அது 6 சதவீதத்தைச் சற்றே தாண்டும். விளையாட்டு மென்பொருளின் வேலைகளில் ஒரு பகுதி பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கக்கூடியது. ஆனால் ஒன்றின் விடை தெரிந்த பிறகே மற்றொன்றைத் தொடங்க முடியும் என்ற நிலையில் உள்ள பகுதி ஒரே த்ரெட்டில்தான் ஓடியாக வேண்டும். கணினிப் பொறியாளர் ஜீன் அம்டால் 1967-இல் முன்வைத்த வாதத்தின்படி, ஒரு வேலையில் 40 சதவீதம் இப்படிப் பிரிக்க முடியாததாக இருந்தால், எத்தனை கோர்களைச் சேர்த்தாலும் மொத்த வேகம் இரண்டரை மடங்கைத் தாண்டாது. ஒவ்வொரு கோரையும் தனித்தனியாகப் பார்த்தாலாவது உண்மை தெரியுமா என்றால் அதற்கும் உறுதி இல்லை, ஏனெனில் இயங்குதளம் அந்த ஒற்றை த்ரெட்டை ஒரு கோரிலிருந்து மற்றொரு கோருக்கு அடிக்கடி மாற்றிக்கொண்டே இருப்பதால், எந்தக் கோரும் 100 சதவீதத்தைத் தொடாத நிலையிலும் பிராசஸரே தடையாக இருக்கக்கூடும்.

கிராபிக்ஸ் கார்டின் சதவீதம் இதைவிட நம்பகமானது. ஃபிரேம் வரம்பு எதுவும் வைக்காமல் விளையாடும்போது அது 95-க்கு மேல் நிலையாக நின்றால் பெரும்பாலும் தடை அங்கேதான் இருக்கிறது. 60, 70 என்று ஊசலாடினால் அது கட்டளைப் பட்டியலுக்காகக் காத்திருக்கிறது. ஆனாலும் என்விடியா தரும் அளவீட்டில் இந்த எண்ணின் பொருள், கடந்த அளவீட்டு இடைவெளியில் எவ்வளவு நேரம் கார்டில் ஏதாவது ஒரு வேலை ஓடிக்கொண்டிருந்தது என்பது மட்டுமே. அந்த வேலை கார்டின் எல்லாக் கணக்கீட்டு அலகுகளையும் நிரப்பியதா என்பதை அது சொல்லாது. பயன்பாடு 99 சதவீதமாக இருந்தும் கார்டு வழக்கமாக எடுக்கும் மின்சாரத்தைவிட வெகு குறைவாக எடுக்கிறது என்றால், அலகுகள் நினைவகத்துக்காகவோ வேறெதற்காகவோ காத்திருக்கின்றன என்று ஐயப்படலாம். இன்டெலின் பிரசண்ட்மான் கருவி 2023 முதல் ஒவ்வொரு ஃபிரேமிலும் கார்டு உண்மையில் உழைத்த நேரத்தை மில்லிவினாடியில் பிரித்துக் காட்டுகிறது. ஃபிரேமின் மொத்த நேரம் 15 மில்லிவினாடியாகவும் கார்டு உழைத்தது 8 மில்லிவினாடியாகவும் இருந்தால், மீதி 7 மில்லிவினாடி எதற்காகக் காத்திருந்து கழிந்தது என்று தேடத் தொடங்கலாம்.

சதவீதங்களைப் படிப்பதைவிட உறுதியான வழி ஒன்று உண்டு. ஓர் உறுப்பின் சுமையை மட்டும் வேண்டுமென்றே மாற்றிவிட்டு, ஃபிரேம் நேரம் அதற்கு அசைகிறதா என்று பார்ப்பதே அந்த வழி. கிராபிக்ஸ் கார்டின் சுமையைக் குறைப்பது எளிது, ரெசல்யூஷனைக் குறைத்தால் போதும். 3840×2160 திரையில் ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள் உள்ளன. 1920×1080-இல் அதில் சரியாகக் கால் பங்கு. 1280×720-இல் ஒன்பதில் ஒரு பங்கு. புள்ளிகளின் எண்ணிக்கை இப்படிச் சரிந்தாலும் எதிரிகளின் நகர்வையும் மோதல்களையும் கணக்கிடும் பிராசஸரின் வேலை ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆகவே விளையாட்டில் ஒரே இடத்தில் நின்று, ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு, ரெசல்யூஷனை மட்டும் குறைத்தபோது ஃபிரேம் எண்ணிக்கை ஏறினால் தடையாக இருந்தது கிராபிக்ஸ் கார்டு. அசையாமல் நின்றால் தடை பிராசஸர் பக்கத்தில் இருக்கிறது. கொஞ்சம் ஏறிப் பிறகு நின்றுவிட்டால், அது நின்ற எண்தான் அந்தக் காட்சியில் பிராசஸரின் உச்சவரம்பு. அந்த எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டால், எவ்வளவு வேகமான கார்டை வாங்கினாலும் இந்தக் காட்சி இதைத் தாண்டாது என்பது வாங்குவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

இந்தச் சோதனையைக் கெடுப்பவை சில உண்டு. ஃபிரேம்களைத் திரையின் புதுப்பிப்பு வேகத்தோடு பொருத்தும் வி-சிங்க் இயங்கிக்கொண்டிருந்தாலோ, விளையாட்டிலோ டிரைவரிலோ ஃபிரேம் வரம்பு வைக்கப்பட்டிருந்தாலோ, எதை மாற்றினாலும் எண் 60 போன்ற ஓர் இடத்தில் சிலைபோல நிற்கும். அதைப் பார்த்துப் பிராசஸரைக் குறை சொல்வது நியாயமல்ல. சிறிய படத்தை வரைந்து பெரிதாக்கிக் காட்டும் டிஎல்எஸ்எஸ் போன்ற நுட்பங்கள் இயங்கும்போது திரையின் ரெசல்யூஷனும் கார்டு உண்மையில் வரையும் ரெசல்யூஷனும் வேறுவேறு. 3840×2160 திரையில் அதன் பெர்ஃபார்மன்ஸ் நிலையைத் தேர்ந்தெடுத்தவரின் கார்டு வரைவது 1920×1080 அளவிலான படத்தைத்தான். ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங்கைப் பலர் கிராபிக்ஸ் கார்டின் சுமையாக மட்டுமே கருதுகிறார்கள், ஆனால் காட்சியில் உள்ள பொருள்களைக் கதிர்கள் தேடுவதற்கு ஏற்ற கட்டமைப்பில் தொடர்ந்து புதுப்பித்து வைக்கும் வேலையில் பிராசஸருக்கும் பங்கு உண்டு. கூட்டத்தின் அடர்த்தி, எவ்வளவு தொலைவு வரை பொருள்கள் தெரிய வேண்டும் என்பவை போன்ற செட்டிங்குகளும் பிராசஸரையே அழுத்துகின்றன. எல்லா கிராபிக்ஸ் செட்டிங்குகளையும் ஒரே மூச்சில் குறைப்பவருக்கு ஃபிரேம் கூடலாம், காரணம் தெரியாது.

தடை பிராசஸர் பக்கம் என்று தெரிந்தவுடன் அதன் கிகாஹெர்ட்ஸைப் பார்ப்பது இயல்பு. உண்மையில் விளையாட்டுகளை ஓட்டும்போது பிராசஸர் தன் நேரத்தில் பெரும்பகுதியை ரேமிலிருந்து தரவு வருவதற்காகக் காத்திருந்தே செலவிடக்கூடும். ஒரு தரவு ரேமிலிருந்து வந்துசேர 80 நானோவினாடி ஆகிறது என்று கொண்டால், 4.5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் கோர் அதற்குள் 360 சுழற்சிகளைக் கடந்துவிடும். ஆயிரக்கணக்கான பொருள்களின் நிலையை நினைவகத்தின் பல மூலைகளிலிருந்து பொறுக்கியெடுக்கும் விளையாட்டு மென்பொருளில் இந்தக் காத்திருப்பு திரும்பத் திரும்ப நிகழ்கிறது. இதற்கு ஏஎம்டி ரைசன் 7 5800எக்ஸ்3டி பிராசஸரைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. 2022-இல் வந்த அதன் உச்ச வேகம் 4.5 கிகாஹெர்ட்ஸ், அதற்கு முந்தைய 5800எக்ஸின் வேகமோ 4.7. கோர்களின் எண்ணிக்கையும் வடிவமைப்பும் இரண்டிலும் ஒன்றே. மாறியது, சிப்பின் மேல் கூடுதலாக அடுக்கிய கேஷ் நினைவகத்தால் (பிராசஸரிலேயே இருக்கும் சிறிய, வேகமான நினைவகம்) 32 எம்பியிலிருந்து 96 எம்பியாக உயர்ந்த மூன்றாம் நிலைக் கேஷ் மட்டுமே. பெரும்பாலான விளையாட்டுகளில் மெதுவான கடிகாரம் கொண்ட புதியதே முந்தியது, ஏனெனில் ரேமுக்குப் போகவேண்டிய தேவையே பல முறை இல்லாமல் போயிற்று.

இதே காரணத்தால் ரேமின் அளவைவிட அது பொருத்தப்பட்ட விதத்தில் முதலில் கண்வைப்பது நல்லது. டிடிஆர்4-3200 வகை ரேம் ஒரு சேனலில் (பிராசஸருக்கும் ரேமுக்கும் இடையிலான பாதை) வினாடிக்கு 25.6 ஜிபி தரவைத் தரும். இரண்டு சேனல்களில் அது 51.2 ஜிபி ஆகும். 16 ஜிபியை ஒரே குச்சியாகப் பொருத்தியவர் இதில் பாதியை இழக்கிறார். இரண்டு குச்சிகள் வைத்தும் மதர்போர்டில் தவறான துளைகளில் செருகியவருக்கும் அதே கதிதான். இன்னொன்று, பெட்டியில் 3200 என்று அச்சிட்ட ரேம் பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புப் பக்கம்) எக்ஸ்எம்பி என்ற வேக அமைப்பை இயக்காதவரை பெரும்பாலும் 2133 அல்லது 2666 போன்ற அடிப்படை வேகத்திலேயே ஓடும். காசு செலவில்லாமல் தீரும் பாட்டில்நெக் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

இதுவரை பேசியது சீரான வேகத்தைப் பற்றி. சராசரி எண் நன்றாக இருந்தும் விளையாட்டு தடுக்கித் தடுக்கிச் செல்வது வேறு வகையான நோய். 99 ஃபிரேம்கள் 10 மில்லிவினாடியிலும் ஒரே ஒரு ஃபிரேம் 100 மில்லிவினாடியிலும் வந்தால், சராசரி வினாடிக்கு 92 ஃபிரேம் என்று கணக்கு வரும்; விளையாடுபவர் காண்பதோ பத்தில் ஒரு வினாடி உறைந்துநிற்கும் திரையை. டெக் ரிப்போர்ட் இணைய இதழில் ஸ்காட் வாசன் 2011-இல் ஒவ்வொரு ஃபிரேமின் நேரத்தையும் தனித்தனியாக வரைபடமாக்கிக் காட்டியதற்குப் பிறகு, இந்த அளவீடு விமர்சனங்களில் பரவலாயிற்று. இன்று ஆர்டிஎஸ்எஸ், கேப்ஃபிரேம்எக்ஸ் போன்ற இலவசக் கருவிகளே இதைச் செய்துவிடும்.

வரைபடத்தில் கோடு எப்போது குத்திட்டு எழுகிறது என்பது நோயின் பெயரைச் சொல்லிவிடும். ஒரு வெடிப்பையோ புதிய ஆயுதத்தையோ முதன்முறை காணும்போது தடுக்கி, அடுத்த முறை அதே காட்சியில் தடுக்காமல் சென்றால், அது ஷேடர் எனப்படும், கிராபிக்ஸ் கார்டில் ஓடும் சிறு நிரல்களை விளையாட்டின் நடுவிலேயே தொகுப்பதால் வருவது. கார்டுக்குக் கட்டளையிடும் இடைமுகங்களான டைரக்ட்எக்ஸ் 12-ஐயும் வல்கனையும் பயன்படுத்தும் விளையாட்டுகளில் இதை முன்கூட்டியே செய்துவைப்பது விளையாட்டை எழுதியவரின் பொறுப்பு. வேகமான பிராசஸர் இதைச் சற்றுக் குறைக்குமே தவிர நீக்காது. உலகின் ஒரு பகுதியிலிருந்து மற்றொன்றுக்கு விரைந்து செல்லும்போதெல்லாம் தடுக்கினால் சேமிப்பகத்தை ஐயப்படலாம். 7200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க்கில் தட்டு ஒருமுறை சுற்றவே 8.3 மில்லிவினாடி ஆகும் என்பதால், ஒரே ஒரு தேடல் ஒரு ஃபிரேமின் நேரத்தை விழுங்கிவிடக்கூடும். ஆனால் எஸ்எஸ்டிக்கு மாறுவதால் சராசரி ஃபிரேம் எண்ணிக்கை உயரும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாறுவார்.

கிராபிக்ஸ் கார்டின் சொந்த நினைவகமான வி-ரேம் நிரம்புவது இவற்றில் மிகவும் வஞ்சகமானது. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3070 கார்டு தன் 8 ஜிபி நினைவகத்திலிருந்து வினாடிக்கு 448 ஜிபி வேகத்தில் படிக்கிறது. பொருள்களின் மேற்பரப்புப் படங்களான டெக்ஸ்சர்கள் அந்த 8 ஜிபிக்குள் அடங்காதபோது மிச்சம் கணினியின் ரேமில் போய் அமர, அதை எடுத்துவரும் பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 பாதையின் வேகம் 16 தடங்களிலும் சேர்த்து வினாடிக்கு 32 ஜிபிக்கும் கீழ்தான். பதினான்கு மடங்கு மெதுவான அந்த வழியில் ஒவ்வொரு முறை போய்வரும்போதும் ஃபிரேம் நேரம் எகிறும். சில விளையாட்டுகள் தடுக்காமல், ஓசையின்றி மங்கலான டெக்ஸ்சர்களை வைத்துச் சமாளித்துவிடுவதும் உண்டு. டெக்ஸ்சர் தரத்தை ஒரு படி மட்டும் குறைத்தவுடன் திணறல் மறைந்துவிட்டால் ஐயத்துக்கு இடமில்லை.

விளையாடத் தொடங்கி முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடிப் பிறகு தளர்ந்துபோகும் கணினியில் பார்க்கவேண்டியது வெப்பநிலையோடு சேர்ந்து மாறும் கடிகார வேகத்தை. வெப்பநிலை எண் மட்டும் போதாது, ஏனெனில் ரைசன் 7000 வரிசையில் சில பிராசஸர்கள் முழுச் சுமையில் 95 டிகிரி செல்சியஸில் ஓடும்படியே வடிவமைக்கப்பட்டவை. வெப்பம் ஏற ஏறக் கடிகாரம் இறங்குகிறது என்றால்தான் குளிர்விப்பு தடையாகிறது.

இரண்டு உறுப்புகளின் பெயரைக் கொடுத்தால் 17 சதவீதம் பாட்டில்நெக் என்று விடை சொல்லும் கணக்கீட்டுக் கருவிகளை நான் நம்புவதில்லை. ஒரே கணினியில் ஒரே விளையாட்டில், சந்தைத் தெருவில் பிராசஸரும் வெட்டவெளி மலையில் கிராபிக்ஸ் கார்டும் தடையாக இருப்பது சாதாரணம், காட்சியைச் சொல்லாமல் ஒற்றைச் சதவீதம் சொல்ல வழியே இல்லை. தடை எங்குமே இல்லாத கணினி என்றும் ஒன்று கிடையாது. தடையை எங்கே வைத்துக்கொள்வது என்பதில் மட்டும் நமக்குத் தேர்வு உண்டு, அந்தத் தேர்வு விரலுக்கும் திரைக்கும் இடையிலான தாமதத்தையும் பாதிக்கிறது. கிராபிக்ஸ் கார்டு தடையாக இருக்கும்போது பிராசஸர் முன்னோடிச் சென்று ஃபிரேம்களை வரிசையில் அடுக்கிவைக்கிறது. டைரக்ட்எக்ஸ் 11-இல் இந்த வரிசையின் இயல்பான உச்சம் 3 ஃபிரேம், அதாவது வினாடிக்கு 60 ஃபிரேம் வேகத்தில் 50 மில்லிவினாடி. என்விடியா 2020-இல் கொண்டுவந்த ரிஃப்ளெக்ஸ் இந்த வரிசையைச் சுருக்குவதற்காகவே உருவானது. அந்த வசதி இல்லாத விளையாட்டில், கார்டால் எட்ட முடிந்த எண்ணைவிடச் சற்றுக் கீழே ஃபிரேம் வரம்பை வைத்தால் வரிசை சேராது. திரையில் எண் சிறிது குறைந்தாலும் மவுஸின் அசைவுக்குக் காட்சி முன்பைவிட விரைவாகத் திரும்பும்.