சொல் விளக்கம்: ரேந்தை

கிளிநொச்சியில் ஒரு தையல் வகுப்பில் துணிக்கணக்கு எழுதச் சொன்னார்கள். "சீத்தை மூன்று யார், ரேந்தை ஒன்றரை யார், தெறி ஆறு" என்று எழுதிக் கொடுத்தேன். சீத்தை பூப்போட்ட பருத்தித் துணி, தெறி சட்டைப் பொத்தான். கொப்பி திரும்பி வந்தபோது ரேந்தையின் மேல் கோடு இழுத்து, பக்கத்தில் "லேஸ்" என்று திருத்தியிருந்தது. பக்கத்தில் இருந்த பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, ரேந்தை எண்டால் என்ன?" என்று கேட்டாள். அவளுடைய அம்மம்மாவைக் கேட்டிருந்தால் அந்த நிமிடமே சொல்லியிருப்பார். அந்தப் பிள்ளைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சட்டையின் கழுத்தைச் சுற்றி, கையின் விளிம்பில், பாவாடையின் அடியில் வைத்துத் தைக்கும், ஓட்டை ஓட்டையாக இருக்கும் நூற்பின்னல்தான் ரேந்தை. இதைப் பூவேலையோடு குழப்பக் கூடாது. பூவேலைக்கு முதலில் ஒரு துணி வேண்டும். அதன் மேல்தான் ஊசி ஓடும். ரேந்தைக்கு அடித்துணி கிடையாது. நூலே வளைந்து, முடிந்து, வெறும் இடங்களைச் சுற்றி ஓடி, தானே துணியாகிறது. ஒரு துண்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பூவாகத் தெரிவதில் பாதி நூல், மீதிப் பாதி வெளிச்சம்.

சொல் போர்த்துக்கேயத்திலிருந்து வந்தது. அந்த மொழியில் இந்தப் பின்னலுக்கு ரெண்டா என்று பெயர். அது எப்படி ரேந்தை ஆனது என்று அறிய நம் வீட்டுத் தளபாடங்களைப் பார்த்தாலே போதும். மேசா மேசை ஆயிற்று. கதெய்ரா கதிரை ஆயிற்று. கடைசியில் ஆகாரம் வந்தால் தமிழ் வாய் அதை ஐகாரமாக்கிவிடும். ரகரத்தில் தமிழ்ச்சொல் தொடங்காது என்பதால் முன்னால் இகரம் சேர்த்து இரேந்தை என்று எழுதுவாரும் உண்டு. பேச்சில் ரேந்தைதான். சப்பாத்து, களிசான் (காற்சட்டை), லேஞ்சி (கைக்குட்டை) என்று உடுப்புக்கும் உடம்புக்கும் அண்டிய வேறு பல சொற்களும் அதே கப்பலில் வந்தவைதான்.

இன்னொரு செய்தி. போர்த்துக்கேயத்தில் ரெண்டா என்ற அதே ஓசைக்குக் குத்தகை, வருமானம் என்ற பொருளும் உண்டு. இரண்டும் சிங்களத்துக்கு ரேந்த என்றே போய்ச் சேர்ந்தன. அங்கே சாராயக் குத்தகைக்காரரை ரேந்தரால என்று அழைத்தார்கள். ஆகவே பழைய எழுத்துகளில் இந்த ஓசையைக் கண்டால், அது பின்னலா குத்தகையா என்று இடம் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும்.

போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரைப் பிடித்தார்கள். 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றினார்கள். நடுவில் காடும் குளமுமாகக் கிடந்த வன்னியில் அவர்கள் நிலைகொள்ளவில்லை. அங்கிருந்த சிற்றரசர்களான வன்னிமைகள் திறை கொடுத்தும் கொடாமலும் தங்கள் பாட்டில் இருந்தார்கள். அப்படியென்றால் இந்தச் சொல் இங்கே எந்த வழியால் வந்தது? கோயில் வழியாக என்றுதான் நான் நினைக்கிறேன். ஒல்லாந்தர் காலத்தில், 1670இல், மன்னார்ப் பக்கத்து மாந்தையிலிருந்து மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு கத்தோலிக்கக் குடும்பங்கள் மடுக் காட்டுக்குள் வந்தன. பீடத் துணியின் ஓரம், சுரூபத்தின் முக்காடு, முதல்நன்மை (முதல் நற்கருணை) வாங்கும் பெண்பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை என்று ரேந்தை இல்லாத கோயில் காரியமே இல்லை. ஆவணித் திருவிழாவுக்கு மடுவுக்குப் போன சைவக் குடும்பத்துப் பெண்களும் அதைப் பார்த்துத்தான் வந்திருப்பார்கள்.

பின்னும் முறையில் தெற்குக்கும் நமக்கும் வேறுபாடு உண்டு. காலி, வெலிகம பக்கம் தலையணை போன்ற திண்டில் குண்டூசி குத்தி, மரக் கட்டைகளில் சுற்றிய நூல்களை மாறி மாறி வீசிப் பின்னுவார்கள். அதற்கு அங்கே பீரலு என்று பெயர்; போர்த்துக்கேயத்தில் அந்தக் கட்டைக்குப் பெயர் பில்ரோ. வன்னி வீடுகளில் நான் கண்டதெல்லாம் ஒற்றைக் கொக்கி ஊசியால் பின்னும் குறொசே ரேந்தைதான். அது பிந்தி வந்த முறை. 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் தொடங்கியபோது, சோற்றுக்கு வழியில்லாத பெண்களுக்குக் கன்னியர் மடங்களில் குறொசேப் பின்னல் பழக்கிப் பிழைக்க வைத்தார்கள். நம் பக்கத்துக் கன்னியர் மடங்களிலும் தையலோடு இதையும் படிப்பித்தார்கள். பஞ்சத்தில் கைத்தொழிலான ஒரு வேலை, போருக்குப் பிறகு தனியாகக் குடும்பம் பார்க்கும் எத்தனையோ பெண்கள் இருக்கும் மண்ணுக்குப் பொருத்தமானதுதான் என்று எனக்குப் படுகிறது.

சரி, தமிழில் இதற்கு ஏன் சொந்தச் சொல் இல்லை? பொருளே பழையதல்ல. ரேந்தை ஐரோப்பாவில் வெனிசிலும் பிளாண்டர்சிலும் உருப்பெற்றது 1500ஐ ஒட்டிய காலத்தில்தான். தையலுக்கு நம்மிடம் அதற்கெல்லாம் எவ்வளவோ முந்திய சொற்கள் இருந்தன. தைப்பதைத் துன்னல் என்றார்கள். தையற்காரரைத் துன்னகாரர் என்கிறது சிலப்பதிகாரம். பொருநராற்றுப்படையில் வறிய பொருநனின் கந்தை "வேற்றிழை நுழைந்த துன்னற் சிதாஅர்" என்று வருகிறது. தன் இழை தேய்ந்துபோய், தைத்த வேறு இழைகளே நிறைந்துவிட்ட துணி அது. "கிழிஞ்சதைப் பொத்தித் தாங்கோ" என்று இன்றும் நாம் கேட்கிறோமே, அந்தப் பொத்துதலும் பழைய சொல்தான். சட்டையை மாட்டும் தெறியும் நம்முடையதே. தமிழ்நாட்டில்தான் அதற்குப் போர்த்துக்கேயம் வழியாக வந்த பொத்தான் என்ற சொல் புழங்குகிறது.

லேஸ் என்பது மட்டும் எங்கிருந்து வந்ததாம்? லத்தீனில் சுருக்குக் கயிற்றைக் குறித்த லாக்குவெயுஸ் என்ற சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் லேஸ் ஆனது. சப்பாத்து நாடாவுக்கும் அதே பெயர் இருப்பது அதனால்தான். குருவி பிடிக்கும் சுருக்குக் கயிற்றுக்குத் தமிழில் கண்ணி என்று பெயர். இதை அறிந்த அன்று எனக்கு அம்மம்மாவின் விரல்கள்தான் நினைவுக்கு வந்தன. ரேந்தை பின்னும்போது அவர் எண்ணுவது கண் கணக்கில்தான். "அஞ்சு கண் பின்னி, ரெண்டைத் தாண்டி, மூண்டாவதில குத்து பிள்ளை" என்பார். முல்லைத்தீவில் வலை பின்னுகிறவர்களும் கண் என்றே சொல்கிறார்கள். வலையும் ரேந்தையும் ஓட்டையைச் சுற்றி நூலை நிறுத்தும் வேலைகள்தானே.

ஆகவே தூய தமிழில் ஒரு சொல் வேண்டும் என்றால் என் தெரிவு கண்ணிப்பின்னல். சிலர் சரிகை என்று எழுதுகிறார்கள், அது பிழை. சரிகை பொன், வெள்ளி நிற உலோக இழை. சேலையின் தலைப்பில் நெய்யப்படுவது. வெறுமனே பின்னல் என்றால் தலைமுடியும் நினைவுக்கு வரும், கம்பளிச் சட்டையும் வரும். பின்னற்கரை அழகான சொல்தான், ஆனால் ஓரத்தில் வைப்பதை மட்டும் குறிக்கும். முழுச் சட்டையும் அந்தத் துணியிலேயே தைத்தால் என்ன சொல்வது? கண்ணிப்பின்னல் இரண்டுக்கும் பொருந்தும். பாடநூல், அகராதி எழுதுகிறவர்கள் அதை எடுத்துக்கொள்ளட்டும். கடையில், தையல் மெசினுக்கு முன்னால், வீட்டில் ரேந்தை என்றே சொல்லலாம். நானூறு வருடமாக நம் வாயில் உருண்டு, ஐகாரம் பூண்டு, உருபும் ஏற்றுக்கொண்ட சொல் அது. அதை வெட்டிவிட்டு அந்த இடத்தில் நேற்று வந்த இன்னொரு பிறமொழிச் சொல்லை வைப்பது திருத்தம் ஆகாது.

வழக்கில் ரேந்தையை "வைப்பது" என்றுதான் சொல்வோம்: ரேந்தை வைத்த சட்டை, கைக்கு ரேந்தை வை. செய்வதைப் பின்னுதல் என்போம்.

பழைய பாணிச் சட்டைகளை நான் தைத்து அன்றாடம் உடுத்துகிறேன். கழுத்தை ஒட்டிய பட்டி, தோளில் சுருக்கு வைத்த கை, முழங்காலுக்குக் கீழே இறங்கும் சீத்தைச் சட்டை. இந்த வெயிலுக்கும் ஏ9 வீதிப் புழுதிக்கும் அதைவிட வசதியான உடுப்பு எனக்குத் தெரியாது. சைக்கிள் மிதிக்கவும் தடையில்லை. வேறு ஊர்களில் விண்டேஜ் உடுப்பு என்றால் அலுமாரியைத் திறந்து பழையதை எடுப்பார்கள். வன்னியில் எடுக்கப் பழையது இல்லை. 2009இல் பதுங்கு குழிக்கு மண்மூட்டை தைக்கப் பெட்டியில் இருந்த கூறைச்சேலைகள் வரை போயின. மிஞ்சியதை இடம்பெயரும் வழியிலேயே விட்டோம். ஆகவே இங்கே பழைய பாணி என்றால், படத்தையும் நினைவையும் பார்த்துப் புதிதாகத் தைப்பதுதான்.

ரேந்தை மட்டும் தப்பியது. சட்டை நைந்தால் ரேந்தையைக் கழற்றி எடுத்துச் சுருட்டி வைப்பது அம்மம்மாவின் பழக்கம். துணியை விட அது நீண்ட நாள் நிற்கும். ஊசியும் நூற்கட்டையும் வைத்த ஒரு சின்னத் தகர ரின்னுக்குள் அந்தச் சுருள் எங்களோடு ஊர் ஊராக வந்தது. கழற்றும்போது ரேந்தையை இழுக்கக் கூடாது. துணிப் பக்கத்துத் தையலை மூன்று இழைக்கு ஒன்றாக வெட்டிவிட்டால் தானே விட்டுவரும். புதுப் பருத்தி நூலில் பின்னியதென்றால் வைக்கும் முன்பே வெந்நீரில் ஊறப்போட்டுக் காயவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் தோய்ப்பிலேயே சுருங்கிக் கழுத்து நெளிந்துபோகும். பிறகு இலேசாகச் சோற்றுக் கஞ்சி போட்டு விரித்து அழுத்தினால் கண்கள் எல்லாம் திறந்துகொள்ளும்.

போன மாதம் அந்தச் சுருளை எடுத்து, தம்பி மகளின் வெள்ளைச் சட்டைக் கழுத்துக்கு வைத்தேன். எனக்குத் தெரிந்து அது அதற்கு நாலாவது சட்டை. அவளுடைய கழுத்துக்கு ஆறு கண் கூடிப்போயிற்று. வெட்டவில்லை, உள்ளே மடித்துத் தைத்தேன்.