கார் இன்சூரன்ஸ்: சட்டம் கேட்பது எது, நாமாகச் சேர்ப்பது எது?

உங்கள் கார் பாலிசியின் முதல் தாளைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பிரீமியக் கணக்கு அதில் இரண்டு கட்டங்களாகப் பிரிந்திருக்கும். ஒன்று ‘ஓன் டேமேஜ்’, அதாவது உங்கள் காருக்கு ஆகும் சேதம். மற்றொன்று ‘லயபிலிட்டி’, அதாவது உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் இழப்பு; தேர்ட் பார்ட்டி என்பதும் இதுதான். சட்டம் கட்டாயம் என்று சொல்வது இந்த இரண்டாவது கட்டத்தை மட்டும்தான். முதல் கட்டம் காலியாக இருந்தால், உங்கள் கார் அப்பளமாக நொறுங்கினாலும் கம்பெனி ஒரு ரூபாய் தராது. வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது என்ற நம்பிக்கையில் இருப்பவர்கள் பலருக்கு, ஒர்க்‌ஷாப்பில் எஸ்டிமேட் போடும் நாளில்தான் இது தெரியவருகிறது.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆவது பிரிவுப்படி, தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் இல்லாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டக் கூடாது. மீறினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அடுத்த முறை அபராதம் 4,000 ரூபாய். ஆனால் பயப்பட வேண்டியது இந்த அபராதத்துக்கு அல்ல. உங்கள் வண்டி மோதி ஒருவர் இறந்து, விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் பல லட்சம் கொடுக்கச் சொன்னால், பாலிசி இல்லாதபோது அதை நீங்கள்தான் கட்ட வேண்டும். வீடும் நிலமும் ஜப்திக்குப் போகலாம். பாலிசி இருந்தால் மூன்றாம் நபரின் உயிரிழப்புக்கும் காயத்துக்கும் உச்சவரம்பே இல்லை; தீர்ப்பாயம் சொல்லும் தொகையைக் கம்பெனி கட்டும். அடுத்தவரின் வண்டி, கடை, சுற்றுச்சுவர் போன்ற சொத்துச் சேதத்துக்குத் தனியார் கார்களில் 7.5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும்.

தேர்ட் பார்ட்டி பிரீமியத்தைக் கம்பெனிகள் தீர்மானிப்பதில்லை, அரசு அறிவிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த பட்டியலில், 1000 சிசி வரையுள்ள தனியார் காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய். 1000-க்கு மேல் 1500 சிசி வரை 3,416. அதற்கு மேல் 7,897. மின்சாரக் காருக்கு 15 சதவீதத் தள்ளுபடி உண்டு. இதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. அதாவது 1197 சிசி கார் ஒன்றுக்கு 3,416 ரூபாய், வரியோடு சேர்த்து 4,031 ரூபாய் ஆகும். எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் இந்தத் தொகை மாறாது. ‘எங்களிடம் தேர்ட் பார்ட்டி மலிவு’ என்று யாராவது சொன்னால், பாலிசி எண்ணைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். போலி பாலிசிகள் இந்த வழியில்தான் விற்கப்படுகின்றன.

புதிய கார் வாங்கினால் தேர்ட் பார்ட்டியை மூன்று வருடத்துக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். 2018 செப்டம்பர் 1 முதல் இதுதான் விதி. சாலைப் பாதுகாப்புக்காகக் கோயம்புத்தூர் எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவின் விளைவு இது. இதில் ஒரு பொறி இருக்கிறது. லயபிலிட்டி மூன்று வருடம் ஓடும். ஓன் டேமேஜ் பெரும்பாலும் ஒரே வருடத்தில் முடிந்துவிடும். ‘மூணு வருஷ இன்சூரன்ஸ் போட்டாச்சு’ என்று ரீநியூவல் செய்திகளைத் தள்ளிவிடுகிறவர்களின் கார், இரண்டாம் வருடம் முழுக்கப் பாதுகாப்பில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். பாலிசித் தாளில் இரண்டு முடிவுத் தேதிகள் இருக்கும். இரண்டையும் காலண்டரில் குறித்து வையுங்கள்.

லயபிலிட்டி கட்டத்திலேயே இன்னொரு இனமும் வரும்: ஓட்டுகிற உரிமையாளருக்கான விபத்துக் காப்பீடு, 15 லட்சம் ரூபாய். முன்பு காருக்கு 2 லட்சம்தான் இருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2017-ல் சுட்டிக்காட்டிய பிறகு 2018-ல் உயர்த்தினார்கள். ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு மட்டும்தான் இது பொருந்தும், அவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸும் இருக்க வேண்டும். அப்பா பெயரில் உள்ள காரை மகன் ஓட்டிப்போய் உயிரிழந்தால் இந்தப் பணம் வராது. இன்னொரு வண்டியின் பாலிசியிலோ தனி விபத்துப் பாலிசியிலோ 15 லட்சம் ஏற்கெனவே இருந்தால், அதை எழுதிக் கொடுத்து இங்கே நீக்கிவிடலாம்.

காரில் உட்கார்ந்திருப்பவர்கள் என்ன ஆவார்கள்?

இதைத்தான் பலரும் தவறாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் உள்ள தனியார் காரில், உங்களோடு வரும் மனைவி, பிள்ளைகள், நண்பர் யாரும் சட்டத்தின் கணக்கில் மூன்றாம் நபர் ஆவதில்லை. சாலையில் நடந்து போனவருக்கு இழப்பீடு உண்டு. பக்கத்து இருக்கையில் இருந்தவருக்கு இல்லை. ஓன் டேமேஜும் சேர்ந்த பேக்கேஜ் பாலிசி இருந்தால், கூட வந்தவர்களுக்கான பொறுப்பும் அதில் அடங்கும் என்பதை உச்ச நீதிமன்றம் பாலகிருஷ்ணன் வழக்கில் தெளிவாக்கியிருக்கிறது. குடும்பத்தோடு குலதெய்வக் கோயிலுக்குப் போகிற பழைய காருக்கு, ‘வண்டிக்கே மதிப்பில்லை, தேர்ட் பார்ட்டி போதும்’ என்று முடிவெடுக்கும்போது விட்டுக்கொடுப்பது வண்டியை மட்டுமல்ல.

2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம், புதிய வண்டிகளுக்கு ஐந்து வருடம் ‘பம்பர் டு பம்பர்’ கட்டாயம் என்று உத்தரவிட்டது நினைவிருக்கலாம். அந்த உத்தரவின் கவலை, வண்டிக்குள் இருப்பவர்களுக்குப் பாதுகாப்பில்லை என்பதுதான். ஆனால் சந்தையில் அந்தப் பெயர் குறிப்பது வேறொன்றை: பாகங்களின் விலையில் தேய்மானம் கழிக்காத காப்பீட்டை. அடுத்த மாதமே உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. ஆகவே இன்றைக்கும் இது உங்கள் விருப்பம்தான். குறைந்தபட்சம், பெயர் குறிப்பிடாத பயணிகளுக்கான விபத்துக் காப்பீட்டையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாய்தான். சம்பளத்துக்கு டிரைவர் வைத்திருந்தால், அவருக்கான பொறுப்பு என்று 50 ரூபாய் பிரீமியம் ஒன்று உண்டு, அதையும் விடாதீர்கள்.

ஓன் டேமேஜில் எவ்வளவு கிடைக்கும்?

வண்டி முழுதாகப் போனால், அதாவது திருட்டு போனாலோ, பழுதுச் செலவு ஐ.டி.வி.யில் (பாலிசியில் போட்டிருக்கும் காரின் மதிப்பு) 75 சதவீதத்தைத் தாண்டினாலோ, ஐ.டி.வி. தொகைதான் அடிப்படை. ஒரு வருடம் தாண்டிய காருக்கு 20 சதவீதம், இரண்டு தாண்டினால் 30, மூன்று தாண்டினால் 40, நான்கு தாண்டினால் 50 என்று விலையில் கழித்து இதைப் போடுவார்கள். பிரீமியம் குறைகிறதே என்று ஐ.டி.வி.யை இறக்கிப் போடச் சொல்லும் ஏஜென்ட் உங்களுக்கு நன்மை செய்யவில்லை.

சிறு விபத்தில் கணக்கு வேறு. மூன்றரை வருடக் கார், முன்பக்கம் இடி. பம்பர் 10,000, பானெட் 12,000, பெயிண்டிங் 8,000, டிங்கரிங் கூலி 4,000. மொத்தம் 34,000 என்று வைப்போம். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களில் பாதியைக் கழிப்பார்கள்: பம்பரில் 5,000 போயிற்று. இரும்புப் பாகத்தில் இந்த வயதுக்கு 25 சதவீதம்: பானெட்டில் 3,000. பெயிண்டிங் பில்லில் கால்பங்கைப் பொருள் விலையாக எடுத்து அதில் பாதி: 1,000. கட்டாயக் கழிவு, 1500 சிசி வரையுள்ள காருக்கு 1,000. ஆக உங்கள் கையிலிருந்து 10,000, கம்பெனி 24,000. கண்ணாடிக்கு மட்டும் தேய்மானக் கழிவு கிடையாது. ஜீரோ டெப், அதாவது ஊரில் பம்பர் டு பம்பர் என்கிறார்களே, அது இருந்தால் முதல் மூன்று கழிவும் நீங்கி 1,000 ரூபாயோடு போகும். ஆயில், நட்டு, போல்ட்டு, கூலன்ட் இவற்றுக்கு அப்போதும் தனி ஆட்-ஆன், அதாவது கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்கும் காப்பீடு, வேண்டும். வருடத்துக்கு இத்தனை க்ளெய்ம்தான் என்ற வரம்பையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

2,000, 3,000 ரூபாய் கீறலுக்கெல்லாம் க்ளெய்ம் போடாதீர்கள். க்ளெய்ம் இல்லாத வருடங்களுக்கு ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 20, 25, 35, 45, 50 சதவீதம் என என்.சி.பி. தள்ளுபடி ஏறும். ஒரு க்ளெய்ம் போட்டால் மறுபடி பூஜ்யம். பாலிசி முடிந்து 90 நாள் தாண்டினாலும் பூஜ்யம்தான்.

சென்னை, கடலூர், தூத்துக்குடி மாதிரி தண்ணீர் தேங்கும் ஊர்க்காரர்கள் இஞ்சின் பாதுகாப்பு ஆட்-ஆனை அவசியம் எடுங்கள். பேக்கேஜ் பாலிசியில் வெள்ளச் சேதம் உண்டுதான். சீட்டு, வயரிங் நனைந்ததற்குப் பணம் வரும். ஆனால் தண்ணீரில் நின்ற வண்டியைச் சாவி போட்டு ஸ்டார்ட் செய்து, தண்ணீர் சிலிண்டருக்குள் புகுந்து கனெக்டிங் ராடு வளைந்தால், அதைத் தொடர்விளைவுச் சேதம் என்று கம்பெனி ஒதுக்கிவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் இஞ்சின் க்ளெய்ம்களில் எழுந்த தகராறு இதுதான். மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களைக் கொண்டுபோய் நிறுத்துகிறவர்கள் செய்வது புத்திசாலித்தனம். தண்ணீர் ஏறிவிட்டால் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, கட்டி இழுத்துக்கொண்டு போங்கள். ஸ்டார்ட் மட்டும் செய்யாதீர்கள்.

பணம் எங்கே சிக்குகிறது?

வெள்ளை போர்டு காரை வாடகைக்கு விட்டிருந்தால் ஓன் டேமேஜ் க்ளெய்ம் நிராகரிக்கப்படும். லைசென்ஸ் இல்லாதவரோ குடித்தவரோ ஓட்டியிருந்தாலும் அப்படித்தான். இத்தகைய வழக்குகளில் அடிபட்டவருக்குக் கம்பெனியைக் கொடுக்கச் சொல்லிவிட்டு, பிறகு அதை உங்களிடம் வசூலித்துக்கொள்ளத் தீர்ப்பாயம் அனுமதிக்கும். பின்னால் பொருத்திய கேஸ் கிட் ஆர்.சி.யிலும் பாலிசியிலும் ஏறியிருக்க வேண்டும். பழைய கார் வாங்கினால், தேர்ட் பார்ட்டி தானாக உங்கள் பெயருக்கு வந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஓன் டேமேஜ் அப்படி வராது. 14 நாளுக்குள் பாலிசியில் பெயர் மாற்ற விண்ணப்பியுங்கள். விற்றவரின் என்.சி.பி. அவரோடு போய்விடும், அந்த வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டும்.

விபத்து நடந்தால் வண்டியை நகர்த்தும் முன் போட்டோ எடுத்து, அன்றே கம்பெனிக்குத் தெரிவித்து, சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் பார்க்கும்வரை பாகங்களைக் கழற்றாமல் வையுங்கள். யாருக்காவது காயம் என்றாலும், வண்டி திருடு போனாலும் எஃப்.ஐ.ஆர். வேண்டும். திருட்டில் இரண்டு சாவியையும் கேட்பார்கள்.

க்ளெய்மை மறுத்தால், காரணத்தை எழுத்தில் வாங்கி, முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால், ஒரு வருடத்துக்குள் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் (காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர்) அலுவலகத்துக்குப் போகலாம். தமிழ்நாடு முழுவதற்கும் அதுதான். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் இலவச எண் 155255-லும் புகாரைப் பதியலாம்.