தக்காளித் தோலுக்குள் பூட்டிக் கிடப்பதை எப்படி எடுப்பது?

முழு பீட்ரூட்டைக் கழுவி குளிர்ந்த தண்ணீரில் போட்டு வையுங்கள், தண்ணீர் பெரிதாக நிறம் மாறாது. நறுக்கிப் போட்டால் கொஞ்சம் சிவக்கும், கொதிக்க வைத்தால் கேட்கவே வேண்டாம். நிறமி அதேதான், தண்ணீரும் அதேதான். சூட்டில் செல்லின் சவ்வு சிதைந்ததும் உள்ளே அடைந்து கிடந்த பீட்டாலைன் என்ற அந்த நிறமி வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். பழம், காய்கறிகளிலிருந்து நிறமிகளையும், பாலிபீனால்கள் என்ற தாவரச் சத்துகளையும் பிரித்தெடுக்கும் வேலையில் உண்மையான சிக்கல் இரண்டுதான்: செல்லை எப்படித் திறப்பது, கரைத்து முடித்த கரைப்பானை அப்புறம் எப்படிக் கழற்றிவிடுவது.

கொழுப்பில் கரையும் சத்துகளுக்குப் பழைய வழி ஹெக்சேன். பெட்ரோலியத்திலிருந்து வருவது, 69 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் கழற்றுவது சுலபம். வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் சட்டென்று தீப்பிடிக்கும், அதன் ஆவியை வருடக்கணக்கில் சுவாசிப்பவர்களின் நரம்புகளைக் கெடுக்கும்.

மாற்று வழிகளில் எனக்குப் பிடித்தது கார்பன் டை ஆக்சைடு. அதை 31 டிகிரிக்கு மேல் வைத்து, காற்றழுத்தத்தைப் போல சுமார் 73 மடங்குக்கு மேல் அழுத்தினால், வாயு என்றும் சொல்ல முடியாத, திரவம் என்றும் சொல்ல முடியாத ஒரு நிலைக்குப் போய்விடும். வாயுவைப் போல இண்டு இடுக்கில் நுழையும், திரவத்தைப் போலக் கரைக்கும். அழுத்தத்தைக் குறைத்ததும் தானாகப் பிரிந்து பறந்துவிடும், பிடித்து மறுபடி பயன்படுத்தலாம். 1960-களில் ஜெர்மனியில் குர்ட் சோசெல் என்ற வேதியியலாளர் காப்பிக்கொட்டையிலிருந்து கஃபீனை இப்படித்தான் பிரித்துக் காட்டினார். தக்காளித் தோலில் இருக்கும் லைகோபீன் என்ற சிவப்பு நிறமிக்கும் இது ஒத்துவரும். திராட்சைத் தோலுக்கு ஊதா நிறம் தரும், தண்ணீரில் கரையும் ஆந்தோசயனினைத்தான் இது சீண்டவே சீண்டாது. அதற்கு எத்தனாலும் கொஞ்சம் தண்ணீரும் துணைக்கு வர வேண்டும்.

செல்லைத் திறப்பதில் அல்ட்ராசவுண்ட் கெட்டிக்காரன். நம் காதுக்குக் கேட்காத, நொடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலி திரவத்தில் நுண்குமிழிகளை உண்டாக்கும், அவை வளர்ந்து திடீரென்று உள்நோக்கி நொறுங்கும். நொறுங்கும் புள்ளியில் வெப்பம் ஒரு கணம் ஆயிரக்கணக்கான டிகிரியைத் தொட்டாலும் மொத்தத் திரவம் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். தோல் துணுக்கின் அருகே நொறுங்கும் குமிழி ஊசி போன்ற ஒரு பீய்ச்சலைச் செல்லின் சுவர்மேல் பாய்ச்சுகிறது. மைக்ரோவேவ் உள்ளிருக்கும் தண்ணீரைச் சூடாக்கி செல்லை உள்ளிருந்தே வெடிக்க வைக்கும். பெக்டினேஸ் மாதிரி நொதிகள் சுவரைப் பொறுமையாக அரிக்கும். மைக்ரோநொடி மின்துடிப்புகள் சவ்வில் ஓட்டை போடும்.

சரி, இதெல்லாம் பசுமைதானா, அதாவது சுற்றுச்சூழலுக்கு நல்லதுதானா? கரைப்பானை மட்டும் பார்த்து ஆமாம் என்று சொல்லிவிடக் கூடாது. சாறு பிழிந்த சக்கையில் பெரும்பகுதி தண்ணீர்தான், லைகோபீன் மாதிரியானவற்றை எடுக்க கார்பன் டை ஆக்சைடுக்குப் பெரும்பாலும் காய்ந்த தூள் வேண்டும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க சுமார் 2,260 கிலோஜூல் செலவாகும், அதே தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 100 வரை சூடாக்க ஆவதைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். உலர்த்துவதற்கே இவ்வளவு எரித்துவிட்டு, கரைப்பான் சுத்தமானது என்று பெருமைப்படுவதில் அர்த்தமில்லை. ஈரச் சக்கையை அப்படியே ஏற்றுக்கொள்ளும் மின்துடிப்பும் அல்ட்ராசவுண்டும் அந்த வகையில் தேவலாம். ஆனால் தண்ணீரிலேயே சத்தை இறக்கினால் கடைசியில் நீர்த்த சாறுதான் கையில் இருக்கும், அதைக் கெட்டியாக்க மறுபடி ஆவியாக்க வேண்டும்!

இந்த வட்டத்திலிருந்து வெளியேற ஒரு சுவையான வழி இருக்கிறது. குளுக்கோஸும் சிட்ரிக் அமிலமும் தனித்தனியாகத் திடப்பொருள்கள். இரண்டையும் தகுந்த விகிதத்தில், கொஞ்சம் தண்ணீர் விட்டு, இளஞ்சூட்டில் கலக்கினால் ஆறிய பிறகும் பாகு போலத் திரவமாகவே நிற்கும், ஆந்தோசயனினை நன்றாகக் கரைக்கும். பாகு என்பதால் குழாயில் ஓட்டுவது சிரமம், ஆவியாக்கிக் கழற்றவும் முடியாது. மாத்திரைக்கு நிறமித் தூள் வேண்டும் என்பவருக்கு இது தலைவலி. புளிப்பும் இனிப்புமான பானத்துக்கு நிறம் தேடுபவர் கழற்ற வேண்டியதே இல்லை, கரைப்பானோடு சேர்த்து அப்படியே ஊற்றிவிடலாம்.