அனுலோபிளாஸ்டி: மோதிரமா, வளையமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பெரியம்மாவைப் பார்க்க லயத்து ஆட்கள் வந்தபோது முதலில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “நெஞ்சுக்குள்ள மோதிரம் போட்டிருக்காங்களாமே, தங்கமா?” முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய கையில் ஒரு மோதிரமும் கிடையாது. “கையில போட வழியில்ல, நெஞ்சுல போட்டு அனுப்பிட்டாங்க” என்று அவரே சிரித்தார்.

ஆஸ்பத்திரித் தாளை வாங்கிப் பார்த்தேன். மைட்ரல் வால்வு ரிப்பேர், அனுலோபிளாஸ்டி ரிங், 28. மைட்ரல் என்பது இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் வால்வு. தாளைப் படித்துச் சொன்ன பேரப்பிள்ளை ‘ரிங்’கை மோதிரமாக்கிவிட்டான்.

வேடிக்கை என்னவென்றால், வேரைத் தோண்டினால் பையன் சொன்னது தப்பில்லை. லத்தீன் ‘அனுலுஸ்’ விரலில் போடும் மோதிரமேதான். பிறகு வட்டமாக வளைந்தது எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர் பரவி, உடற்கூற்று நூல்களில் இதய வால்வைத் தாங்கி நிற்கும் நார்த்திசு விளிம்புக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. ‘பிளாஸ்டி’ கிரேக்க வேர்: களிமண்ணைப் பிசைந்து உருக்கொடுப்பது. பிளாஸ்டிக்கும் இதே வேர்தான். நம் குயவர் சட்டி ‘வனைவதாக’ச் சொல்வோமே, அந்த வனைதல்.

ஆக, அனுலோபிளாஸ்டி என்றால் வளையத்துக்கு மறுபடி உருக்கொடுப்பது. இங்கே வளையம் என்பது நோயாளியின் சொந்த விளிம்பு. டாக்டர் பெட்டியிலிருந்து எடுத்து வைப்பது அல்ல. 1972இல் ஸ்பெயின் அறுவை மருத்துவர் டி வேகா இதயத்தின் வலப்பக்க மூவிதழ் வால்வின் விளிம்பை வெறும் தையலாலேயே சுருக்கினார். வெளி வளையமே இல்லை. அதற்கும் பெயர் அனுலோபிளாஸ்டிதான்.

விளிம்பு ஏன் கெடுகிறது? லயத்துப் பலகை வீட்டு இரட்டைக் கதவை நினைத்துக்கொள்ளுங்கள். கதவுப் பலகை நன்றாகவே இருக்கும். நிலை மட்டும் அகன்றுவிடும். அப்புறம் எத்தனை தடவை சாத்தினாலும் நடுவில் சந்து. இடது கீழறை வீங்கும்போது மைட்ரல் வால்வின் விளிம்பும் இப்படித்தான் விரிகிறது. இரண்டு இதழும் ஒன்றையொன்று தொடாமல், ரத்தம் மேலறைக்குத் திரும்பி ஒழுகுகிறது. ஓர் ஆள் உயரம் ஏறுவதற்குள் பெரியம்மாவுக்கு மூச்சு வாங்கியது இதனால்தான். (‘வால்வு’ என்ற சொல்லின் மூலமான லத்தீன் ‘வால்வா’வுக்கும் மடக்குக்கதவின் ஒரு பலகை என்றே பொருள். கதவை உவமையாக்கியது நான் இல்லை.)

தச்சர் வந்தால் கதவைக் கழற்றி எறியமாட்டார், நிலையை இழுத்துக் கட்டுவார். 1960களின் பிற்பகுதியில் பாரிஸில் இதே வேலையை இதயத்துக்குச் செய்தவர் அலென் கார்ப்பான்தியே. பிரெஞ்சில் அந்தக் குடும்பப் பெயருக்குத் தச்சர் என்றே பொருள்! வளையத்தைத் தேவையான வடிவில் செய்து, விளிம்பைச் சுற்றித் தைத்து, விரிந்ததைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தார். துணி போர்த்திய அந்த வளையத்தின்மேல் நாளடைவில் உடம்பின் திசு படர்ந்துவிடும். தாளில் இருந்த 28, அளவு, மில்லிமீட்டரில். அறுவையின்போது அளவுக்கருவியை வைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள்.

இப்போது தமிழுக்கு வருவோம். மோதிரம் வேண்டாம் என்பதற்கு எனக்கு இன்னொரு காரணமும் உண்டு: இந்தப் பொருள் பெரும்பாலும் வட்டமே இல்லை. மைட்ரலுக்கானது ஒரு பக்கம் தட்டையாகச் சிறுநீரக வடிவில் இருக்கும். சில வகை முழுதாக மூடாமல் பிறைபோல நிற்கும். மோதிரம் மூடியிருக்க வேண்டும். வளையமோ ‘வளை’யிலிருந்து பிறந்தது, வளைந்தால் போதும். எனவே வைத்த பொருள் ‘சீரமைப்பு வளையம்’, செய்த அறுவை ‘விளிம்பு வளையச் சீரமைப்பு’. ‘வனைப்பு’ என்று வைக்க ஆசைதான், ஆனால் கிளினிக்கில் யாருக்கும் புரியாது.

வால்வுக்கு ‘அடைப்பிதழ்’ என்று நல்ல சொல் இருக்கிறது, எழுத்தில் பயன்படுத்தலாம். பேச்சில் வால்வே போதும். சைக்கிள் டியூபில் காற்றடித்த எந்தத் தோட்டத்து ஆளுக்கும் வால்வு என்றால் ஒருவழி என்று தெரியும். மலாய்க்காரர்கள் இன்னும் அழகாகச் செய்தார்கள். அவர்களின் ‘இஞ்சாப்’ முதலில் மீன்பிடிக்கும் புபு கூட்டின் வாயில் உள்நோக்கிக் கட்டும் கூரிய மூங்கில் குச்சிகள்: மீன் உள்ளே போகும், திரும்பி வராது. அதையே இதய வால்வுக்கும் எடுத்துக்கொண்டார்கள். கொஞ்சம் பொறாமையாகவே இருக்கிறது.

சொல் பிசகினால் வீட்டில் வேறு சிக்கலும் வரும். “வால்வு மாத்தியாச்சு” என்று நானே இரண்டு வாரம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். உலோக வால்வு வைத்தவர் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிட வேண்டும். சீரமைப்பு மட்டும் செய்தவருக்கு, இதயத் துடிப்பு சீராக இருந்து வேறு காரணமும் இல்லாவிட்டால், பொதுவாகச் சில மாதங்களே. பல் பிடுங்கப் போகும் இடத்திலும் இந்த இரண்டையும் குழப்பக்கூடாது. பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் இதை ‘பைபாஸ்’ என்கிறார். இன்னொருவர் ஆஞ்சியோபிளாஸ்டி என்கிறார். ஆஞ்சியோபிளாஸ்டி ரத்தக்குழாய்க்குள் பலூன் விடுவது. இதற்கும் அதற்கும் ‘பிளாஸ்டி’ மட்டும்தான் உறவு.

கடைசியில் ஓர் அட்டையில் எழுதி, தாளின் நகலோடு பெரியம்மாவின் பர்சில் வைத்தேன்: “வால்வு மாற்றவில்லை. சொந்த மைட்ரல் வால்வு. சீரமைப்பு வளையம், 28 மி.மீ.” படித்துவிட்டுக் கேட்டார்: “தங்கம் இல்லன்னும் எழுதிடு, கேக்குறவங்களுக்குப் பதில் சொல்லி மாளல.”