3.75 மீட்டர் சாலையை அகலப்படுத்தத்தான் வேண்டுமா?

தமிழ்நாட்டின் ஊர்ப்புறங்களில் 3.75 மீட்டர் அகலமே உள்ள ஒற்றைத் தடத் தார்ச்சாலைகள் இன்னும் பல இருக்கின்றன. எதிரெதிரே இரண்டு பேருந்துகள் வந்துவிட்டால், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.5 மீட்டர் அகலம் என்பதால், இரண்டுமே ஒருபக்கச் சக்கரங்களை மண்ணில் இறக்கியாக வேண்டும். சாலையை அகலப்படுத்தக் கோருவோர் சுட்டிக்காட்டுவது இந்தக் காட்சியைத்தான். ஆனால் அது எத்தனை முறை நிகழ்கிறது?

10 கிலோமீட்டர் சாலையில் திசைக்கு மணிக்கு 20 வண்டிகள், 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். ஒரு வண்டி சாலையைக் கடக்க 15 நிமிடம் ஆகும்; அது நுழையும்போதே எதிர்த்திசையில் வந்துகொண்டிருக்கும் 5 வண்டிகளையும், அதன்பின் மறுமுனையில் நுழையும் 5 வண்டிகளையும் சந்திக்கும். ஆக, மணிக்கு 200 சந்திப்புகள். போக்குவரத்து பாதியாகக் குறைந்தால் இவை 50 ஆக, அதாவது கால் பங்காகச் சுருங்கிவிடும். பத்தில் ஒன்றுதான் பேருந்தோ லாரியோ என்றால், அந்த 200 சந்திப்புகளிலும் கனரக வண்டிகள் இரண்டு எதிர்ப்படுவது சராசரியாக 2 முறைதான்.

சாலைகளுக்குத் தரநிலைகள் வகுக்கும் அமைப்பான இந்திய சாலைகள் காங்கிரஸ், தாங்கக்கூடிய போக்குவரத்தாகச் சமவெளியில் இத்தகைய சாலைக்கு நாளொன்றுக்கு 2,000 கார் அலகுகளையும் (ஒரு கார் ஓர் அலகு; மற்ற வண்டிகள் அதற்கு ஈடாகக் கணக்கிடப்படும்), 5.5 மீட்டர் சாலைக்கு 6,000 அலகுகளையும் வகுத்திருக்கிறது. இருசக்கர வண்டி அரை அலகு, லாரி மூன்று, மாட்டுவண்டியோ, மெதுவாகச் சென்று பிறரையும் மறிப்பதால், ஆறு முதல் எட்டு. கணக்கெடுப்பை அறுவடைக் காலத்தில் ஒருமுறையும் மந்த காலத்தில் ஒருமுறையும் ஏழு நாள் தொடர்ந்து நடத்தச் சொல்வதும் காரணத்தோடுதான்: கரும்பு டிராக்டர்கள் ஓடும் மாதங்களில் அதே சாலை வேறு சாலையாகிவிடும்.

எண்ணிக்கை 2,000-ஐ எட்டாத இடத்தில் முழு நீளத்தையும் அகலப்படுத்துவது வீண் என்பதே என் கருத்து. அங்கே பணத்துக்குத் தகுந்த பலன் வளைவுகளில்தான் கிடைக்கும். திரும்பும் வண்டியின் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் செல்லாமல் உட்புறமாக விலகி ஓடும். அச்சுகளுக்கிடையே 6 மீட்டர் உள்ள பேருந்து 60 மீட்டர் ஆர வளைவில் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் கூடுதல் இடம் கேட்கும். தார் விளிம்பு முதலில் உடைவதும் பெரும்பாலும் இத்தகைய உள்வளைவுகளில்தான். அங்கே அகலத்தைக் கூட்டி, மற்ற இடங்களில் ஓரத்து மண்ணைச் சரளையிட்டு இறுக்கினாலே பேருந்துகள் பதறாமல் விலகும். ஸ்காட்லாந்தின் மலைப்பகுதிகளில் இன்றும் ஒற்றைத் தடச் சாலைகள், ஆங்காங்கே ஒதுங்கும் இடங்களோடு, இயங்கிவருகின்றன.

அகலம் கூடினால் வேகமும் கூடும். வேகம் 40-இலிருந்து 60 கிலோமீட்டரானால், பிரேக் பிடித்த பின் வண்டி ஓடி நிற்கும் தூரம் 2.25 மடங்காகும், சாலையோரமாகப் பள்ளிக்கு நடந்து செல்லும் பிள்ளைகளுக்கோ தனி நடைபாதை அப்போதும் இருக்காது.